'கட்'டுக்குப் பிறகு ஒரு சிரிப்பு

பதினொரு படங்களில் சாத்தானாக நடித்தவளுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது என்று எண்சுவை என்ற பட நிறுவனம் நினைத்துக்கொண்டதுதான் வேடிக்கை. பண்டிகைக்குப் பண்டிகை வரும் குடும்ப மாயாஜாலப் படங்களில் மட்டுவார்குழலிக்கு வேலையே அதுதானே. கொம்பை மாட்டிக்கொண்டு புகைக்கு நடுவே நிற்பாள். எவனாவது ஒரு அப்பாவி அழுதுகொண்டே வருவான். "உன் குழந்தை பிழைக்கும், உன் நிழலை எனக்குக் கொடு" என்பாள். அவனும் முன்பின் யோசிக்காமல் கொடுத்துத் தொலைப்பான். கடைசி அரைமணி நேரத்தில் ஒரு பொடிசு வந்து, பேசிய வார்த்தையிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, சாத்தானை மடக்கும். சாத்தான் மனந்திருந்திச் செத்துப்போவாள். தியேட்டரில் அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்படிப் பதினொரு தடவை தோற்றவளுக்கு ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரியாதா என்ன?

ஆனால் அவள் புருஷன் கையெழுத்துப் போட்ட அன்று அவள் ஊரில் இல்லை. அதுதான் வினை.

புருஷன் பெயர் தாயுமானவன். இரண்டு பேரும் திருச்சிக்காரர்கள். மலைக்கோட்டைச் சாமி பெயரும் அம்மன் பெயரும் தானாகவே பொருந்திவிட்டதால் ஜாதகம்கூடப் பார்க்காமல் நடந்த கல்யாணம். அவர் நகைச்சுவை நடிகர். பெரிய நடிகர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது பெரிது. முதலில் வயிறு குலுங்கும், அப்புறம் தோள், கடைசியில்தான் சத்தம் வரும். அவர் சிரிக்க ஆரம்பித்தால் எதிரே இருப்பவர்கள் விஷயம் தெரியாமலே சிரிப்பார்கள். மகள் யாழிசைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது தெரியவருமுன் ஆசை ஆசையாக வைத்த பெயர். அவள் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது குலுங்கும்போதெல்லாம் தானும் சிரிப்பாள். அவளுக்கு அப்பாவின் சிரிப்பு என்றால் கையில் வரும் அந்த அதிர்வுதான்.

இப்போதெல்லாம் படத்துக்கு உருவங்களை இயந்திரமே வரைந்து தள்ளிவிடுகிறது. பறக்கும் யானை வேண்டுமா, நூறு தலை ராட்சசன் வேண்டுமா, வாயால் சொன்னால் போதும். உணர்ச்சியை மட்டும் அதற்கு வரையத் தெரியவில்லை. அதற்கு உயிருள்ள ஒரு தலை வேண்டும். நடிப்பவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். மனத்தில் எழுவதை அது உறிஞ்சிக்கொள்ளும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டால் அவருக்குள் அதே உணர்ச்சி ஊறும். படப்பிடிப்பில் அந்த இயந்திரத்துக்குப் பெயரே 'உறிஞ்சி'தான். சாதாரணக் காட்சி என்றால் மேலோட்டமாக மட்டும் எடுப்பார்கள். இரண்டு நாள் மனசு மரத்துப்போய்ப் பிறகு சரியாகிவிடும். ஒரே சிரிப்பைக் கோடிப் பேருக்குக் காலம் முழுக்கப் பரிமாற வேண்டுமென்றால் மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். அப்படி எடுத்துவிட்டால் கொடுத்தவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

எண்சுவை நிறுவனத்தார் கேட்டது தாயுமானவனின் சிரிப்பின் வேரை. கொடுத்தது யாழிசைக்கு இரண்டு காதுகள். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யக்கூடிய கருவி, அவர்கள் மருத்துவரே பொருத்துவார். எந்தத் தகப்பன்தான் வேண்டாம் என்பான்?

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. யாழிசைக்குப் பதினொரு வயது. குக்கர் விசில், காக்கை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அவளுக்குக் கேட்கிறது, பேச்சும் வந்துவிட்டது. அப்பாவின் சிரிப்பு மட்டும் கேட்டதே இல்லை. தாயுமானவன் சோறு உண்பார், கோபப்படுவார், மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவார். சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும், படியில்லாத இடத்தில் காலை வைத்தவர் போலத் தடுமாறி நிற்பார். ஒருநாள் யாழிசை அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்குக் காது கேக்கறது அப்பாவுக்குப் புடிக்கலையாம்மா?"

குழலி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பழைய படம் ஒன்றைப் போட்டு, "இதோ பாரு, உங்கப்பா எப்படிச் சிரிக்கிறார்னு" என்றாள். யாழிசை திரையில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இது சும்மா சத்தம்மா. அது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் எண்சுவையின் தயாரிப்பு மேலாளர் நிரஞ்சன் ஒருநாள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தான். தீபாவளிக்கு ஒரு குடும்பப் படமாம். மகளின் காதுக்காகத் தன் சிரிப்பைச் சாத்தானிடம் விற்கிறான் ஒரு தகப்பன். மகள் பாதாளத்துக்குப் போய்ச் சாத்தானை மடக்குகிறாள். சாத்தான் மனந்திருந்தி, சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாகிறாள்.

"உங்க கதைதான்னு வெளிய சொல்ல மாட்டோம் மேடம். சாத்தான் ரோலுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல" என்றான்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். பிடுங்கியதும் இவர்கள், அதைக் கதையாக்கி விற்பதும் இவர்கள், சாத்தான் வேஷம் மட்டும் குழலிக்கு. தாயுமானவன் எழுந்து உள்ளே போய்விட்டார். குழலி ஒப்பந்தத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். 'ஆக்‌ஷன்' என்ற சொல்லுக்கும் 'கட்' என்ற சொல்லுக்கும் இடையே நடிகர் தருவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். படப்பிடிப்புக்கு இடையூறு செய்தால், குடும்பத்துக்கு வழங்கப்பட்ட காதுக்கருவியின் சேவை நிறுத்தப்படும். புருஷன் போட்ட ஒப்பந்தத்திலும் இதே வரிகள்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"உனக்குக் கோபமே வரலையா குழலி?" என்று அன்று தாயுமானவன் கேட்டார்.

"வருதுங்க. ஷூட்டிங்குக்குன்னு சேத்து வச்சிருக்கேன்."

கடைசி நாள் படப்பிடிப்பில், மதியச் சாப்பாடு முடிந்து டீ வந்த நேரம். குழலி கொம்போடும் அதற்கடியில் உறிஞ்சியின் தொப்பியோடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறிஞ்சியை இயக்கும் அல்போன்ஸ் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். ராயபுரத்துக்காரன். முன்பு ஒலிப்பதிவில் இருந்தவன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிக்கக் கூடாது."

"கொம்பால குத்திடுவேன்னு பயப்படுறியா? சொல்லுப்பா."

"அண்ணன்கிட்ட வேர் எடுத்த அன்னிக்கு மெஷின்ல நான்தான் இருந்தேன்."

குழலி டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அண்ணனுக்குச் சாவு சீன். சர்க்கஸ் கோமாளி சிரிச்சுக்கிட்டே சாகணும். பதினாலு டேக் போச்சு. மெஷின்ல ஒண்ணுமே ஏறல. அவ்வளவும் நடிப்புச் சிரிப்புக்கா. அவரு மனசு பூரா ஆஸ்பத்திரியில பாப்பாகிட்ட இருந்துச்சு. அன்னிக்குத்தானே கருவியை ஓடவிடறாங்க."

"அப்ப எப்படித்தான் எடுத்தீங்க?"

"கட் சொன்னப்புறம்." அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "பொணமா படுத்தவங்க எந்திரிச்சு, ஓடற கேமராவைப் பாத்துச் சிரிச்சிட்டுத்தானே நகரணும். இல்லாட்டி சகுனம் அவங்க வீட்டுக்கே போயிடும்னு நம்ம வழக்கம் இருக்கில்ல. அதுக்காக நான் கேமராவையும் நிறுத்தல, மெஷினையும் நிறுத்தல. அந்த நேரம் பாத்து போன் வந்துச்சு. நர்ஸ் கை தட்டினதுக்குப் பாப்பா திரும்பிப் பாத்துச்சுன்னு. அண்ணன் கேமராவைப் பாத்துச் சிரிச்சாரு பாருங்க, மெஷின் முள்ளு அந்தக் கடைசிக்குப் போயி நின்னுடுச்சு. மெஷின் வேர் எடுப்புல இருந்துச்சு. போயே போச்சு. இன்னிக்கு ஊரே பட்டையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்குதே, அது அந்தச் சிரிப்புதான்."

மகளுக்குக் காது திறந்ததென்று சிரித்த சிரிப்பு. அதைத்தான் மகள் கேட்காமல் போனாள்.

"ஒண்ணரை வருஷமா வாயைத் திறக்கலியே நீ."

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குக்கா. வேலை போயிடும்னு இருந்துட்டேன். நேத்து உங்க பாப்பா செட்டுக்கு வந்து, 'அங்கிள், இந்தப் பெட்டிக்குள்ளதான் எங்கப்பா சிரிப்பு இருக்கா'ன்னு கேட்டுச்சு. எனக்குச் சோறு இறங்கல."

"கோர்ட்டுக்குப் போனா?"

"பத்து வருஷம் இழுப்பாங்க. அதுவரைக்கும் பாப்பா காதை அணைச்சு வச்சிடுவாங்க."

"திருப்பி ஊத்த முடியுமா அதை?"

"முடியும்க்கா. மூலம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு. இந்தப் படத்துக்கு வேண்டியதைப் போன வாரமே வடிச்சு எடுத்துட்டாங்க. சொந்தக்காரர் தலையில ஊத்தினா இருபது நிமிஷ வேலை. ஆனா ஊத்திட்டா பெட்டி காலி. அடுத்த படத்துக்கு இருக்காது. கம்பெனி விடுமா?"

குழலி ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"இன்னிக்குக் கடைசி ஷாட் என்ன?"

"உங்க சாவுதான்க்கா."

"நல்லதாப் போச்சு" என்றாள் குழலி.

ஷாட் பிரமாதமாக வந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பாதாள மண்டபத்தில் சாத்தான் தன் பாவத்தை நினைத்துக் கதறி, சிரிப்பு அடைத்த சுரைக்குடுக்கையைச் சிறுமியிடம் நீட்டிவிட்டு, கொம்பு முறிந்து விழுந்து செத்தாள். மேலே ஆளுயர மாலைகளைப் போட்டார்கள். கதாநாயகியான சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இயக்குநர் செங்குட்டுவன் சின்னப் பையன். அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

"கட்" என்றான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அல்போன்ஸ் மட்டும் கைதட்டவில்லை. தன் திரையை ஒரு கணம் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டான்.

கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பு முடிவதற்கான பூசணிக்காயைக் கற்பூரம் ஏற்றிக் கையில் பிடித்தபடி ஒருவர் வாசலில் தயாராக நின்றார். மாலைக் குவியலுக்குள் முகம் புதைந்து கிடந்த குழலி அசையவில்லை.

"அக்கா, கட் சொல்லிட்டேன்" என்றான் செங்குட்டுவன்.

"கேட்டுச்சு தம்பி."

"எந்திரிச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சிடுங்க."

"வரல தம்பி."

முதலில் தமாஷ் என்றுதான் நினைத்தார்கள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. கற்பூரம் அணைந்துவிட்டது. மேலே விளக்குப் பரணில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சகுனம் கழியாத இடத்தில் ஒரு விளக்கைக்கூடத் தொட முடியாது என்றார் அவர்களுக்குத் தலைவரான நாகமுத்து. சிறுமியின் அம்மா மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து அழுதிருக்கா. இது கழியாம நான் டப்பிங்குக்கு அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்."

குளிர்சாதன வண்டியிலிருந்து நிரஞ்சன் ஓடி வந்தான்.

"என்ன கூத்து இது? சிரிக்கலைன்னா போகட்டும். கம்ப்யூட்டர்ல அவங்க முகத்தை வரைஞ்சு சிரிக்க வச்சிடலாம்."

"படம் பாக்கறவனை ஏமாத்தலாம் சார். சகுனத்தை எப்படி ஏமாத்துவீங்க?" என்றார் நாகமுத்து.

"இதெல்லாம் மூடநம்பிக்கை."

"அப்ப உங்க கார்ல தொங்குற எலுமிச்சம்பழம் எதுக்கு சார்?"

சேதி எப்படித்தான் வெளியே போனதோ, நிரஞ்சனின் போன் அடிக்க ஆரம்பித்தது. மதுரையிலிருந்து விநியோகஸ்தர். கோயம்புத்தூரிலிருந்து இன்னொருவர். அப்புறம் தயாரிப்பாளரே. சாவு சகுனம் ஒட்டிய படத்தைத் தீபாவளிக்குத் தியேட்டரில் போட எவனுக்குத் துணிச்சல் வரும்? நிரஞ்சன் மாலைக் குவியலுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"மேடம், என்னதான் வேணும் உங்களுக்கு?"

"சிரிப்பு வேணும். எங்க வீட்டுல என்னைச் சிரிக்க வைக்கிற ஆளு ஒருத்தர்தான். அவருகிட்ட இருந்ததை நீங்க எடுத்துட்டீங்க. கொண்டாந்து அவரு தலையில திருப்பி ஊத்துங்க. அவரு சிரிச்சா எனக்குத் தன்னால வரும்."

"அது ஒப்பந்தப்படி எங்களுக்குச் சொந்தமானது."

"ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவுல வந்ததுதான் உங்களுக்குச் சொந்தம். அவரு சிரிப்பு எப்ப வந்துச்சுன்னு உங்க பெட்டியையே கேளுங்க."

அத்தனை பேரும் அல்போன்சைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் எழுந்து நின்றான்.

"கட்டுக்கு அப்புறம் வந்தது சார் அது. நேரத்தோட பதிஞ்சிருக்கு. நான் எங்க வேணா வந்து சொல்லுவேன்."

நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், ஷூட்டிங்குக்கு இடையூறு பண்றீங்க. அப்புறம் உங்க பொண்ணு காது..."

குழலி அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். பதினொரு படங்களில் குழந்தைகளைப் பயமுறுத்திய கண்.

"என்ன இடையூறு பண்ணேன்? ஆக்‌ஷன்னீங்க, செத்தேன். கட்டுன்னீங்க, முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் சிரிக்கணும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு, காட்டுங்க. காட்டினா இப்பவே சிரிக்கிறேன்." நிரஞ்சன் போனில் ஒப்பந்தத்தைத் தேடிப் புரட்டினான். "பன்னெண்டு படத்துல திருந்திச் செத்தாச்சு தம்பி. இனிமே திருந்த வேண்டியது நான் இல்ல."

அந்தப் பெரிய கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட நிரஞ்சன் பக்கம் போய் நிற்கவில்லை.

மூன்று மணி நேரம் அவள் அப்படியே கிடந்தாள். ஒப்பனை உதிர்ந்தது, மாலை வாடியது, முதுகு விட்டுப்போனது. தண்ணீர் மட்டும் உறிஞ்சுகுழலில் கொடுத்தார்கள். கடைசியில் நிரஞ்சன் ஒரு காகிதத்தோடு வந்தான். தாயுமானவனின் சிரிப்பு திருப்பித் தரப்படும். யாழிசையின் காதுக்கருவிக்குச் சேவை தொடரும். குழலி படுத்தபடியே அதை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாள்.

"'நிறுவனம் விரும்பும்வரை'ன்னு நடுவுல சொருகியிருக்கீங்களே, அதை அடிச்சிட்டு 'ஆயுள் முழுக்க'ன்னு போடுங்க. நாங்களும் பாதாளத்துல இதையேதான் சொருகுவோம்."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவன் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தாயுமானவன் மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்குத் தொப்பியை மாட்டி அல்போன்ஸ் இயந்திரத்தைத் திருப்பி ஓடவிட்டான். இருபது நிமிஷம் ஒரு சத்தம் இல்லை. தொப்பியைக் கழற்றினார்கள். தாயுமானவன் சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாகமுத்து சாமியைக் கும்பிட்டார். அவ்வளவு பாடும் வீண்தானா என்று குழலி நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியதை மறைக்க வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஏங்க, மூக்கு அரிக்குதுங்க. மூணு மணி நேரமா அரிக்குது. செத்துப்போனதால சொறிஞ்சுக்க முடியல."

தாயுமானவன் அவளைப் பார்த்தார். ஒரு கொம்பு முறிந்து காதோரம் தொங்கியது. கறுப்பு மை வழிந்திருந்தது. மூக்கு நுனியில் ஒரு சம்பங்கிப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வயிறு ஒருமுறை குலுங்கியது. பிறகு இன்னொரு முறை. யாழிசை சட்டென்று உள்ளங்கையை அங்கே கொண்டுபோய் வைத்தாள். தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது.

யாழிசை முதலில் திடுக்கிட்டுவிட்டாள். கையைப் பார்த்தாள், அப்பாவின் வாயைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"இதாம்மா" என்றாள். "இதுதான் அது."

குழலி எழுந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, கண்ணீரும் மையும் கலந்து வழியச் சிரித்தாள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. யார் உடைத்தார்கள் என்றுகூட ஒருவரும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது ஸ்டுடியோ வாசலில் அல்போன்ஸ் காத்துக்கொண்டிருந்தான். வேலை போய்விட்டது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. நகக்கண் அளவு ஒரு பதிவுச் சில்லைக் குழலியின் கையில் வைத்தான்.

"இது உங்களுதுக்கா. செங்குட்டுவன் சார் கட் சொன்ன மறு நொடி வந்தது. நான் பாத்துட்டேன். கம்பெனிக்குச் சேராதுன்னு தனியா எடுத்து வச்சேன்."

"என்ன குழலி அது?" என்றார் தாயுமானவன்.

குழலி அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"பின்ன என்னங்க, பொணமா படுத்துட்டுச் சிரிக்காம எந்திரிப்பேனா? உங்களையும் புள்ளையையும் வச்சுக்கிட்டு அவ்வளவு தைரியம் எனக்கு ஏது? கட்டுன்னு சொன்ன உடனேயே மாலைக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு, கேமரா பக்கமாத் திரும்பிச் சிரிச்சிட்டேன். யாரும் பாக்கல. சகுனம் அப்பவே போயிடுச்சு."

"அடிப்பாவி, அப்ப மூணு மணி நேரமா அத்தனை பேரையும்..."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏதென்று தெரியாமல் தானும் சிரித்தார். யாழிசை ஒரு கையால் காதுக்குப் பின்னால் தடவி, கருவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

"போதும்ப்பா, காது வலிக்குது" என்றாள். மற்றொரு கையை அவர் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.